லிஃப்டில் ஏறாத நிலை

காரைக்குடியில் அந்த நிலைக்கதவை விலை பேசி முடித்தபோது எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். வீட்டில் எந்தச் சுவர், வெளிச்சம் எந்தப் பக்கம், மேலே எந்த விளக்கு என்பது வரை. எங்கள் குடியிருப்பின் லிஃப்டை மட்டும் யோசிக்கவில்லை.

டாடா ஏஸ் மதுரை வந்து சேர இரவு ஏழரை ஆகிவிட்டது. நிலை நாலடி அகலம், ஆறரை அடி உயரம், சுவருக்குள் போகும் பக்கம் எட்டு அங்குலம். லிஃப்ட் வாசலில் நேராக வைத்துப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், படுக்க வைத்தும் பார்த்தோம். எங்கள் வீடோ மூன்றாம் மாடி. கடைசியில் ஆறு பேர் தோள் கொடுத்துப் படியேறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் ஒரு கீறல். இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். வாட்ச்மேன் தாத்தா மட்டும்தான் வாய் திறந்து கேட்டார்: "ஏம்மா, ஊர்ல வீட்டை இடிச்சிட்டீகளா?"

மறுநாள் காலையில் ஆசாரி வந்தார். அறுபதைத் தாண்டியவர். அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டு மர வேலையெல்லாம் அவர்தான். நிலையை ஒரு சுற்றுச் சுற்றினார். மூலைப் பொருத்தத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.

"மர ஆணிதான தாயி போட்டிருக்கு. ஆணியைத் தட்டியிருந்தா நாலு துண்டாக் கழண்டிருக்கும். லிஃப்டுலயே ஏத்தியிருக்கலாம்."

ஆறு பேருக்குக் கொடுத்த கூலி கண் முன்னால் வந்து நின்றது.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்றால், சமையலறையில். இந்த வீட்டை இரண்டாம் கையாகத்தான் வாங்கினோம். முன்பு இருந்தவர்கள் மாடுலர் கிச்சன் போட்டிருந்தார்கள். பார்வைக்குப் பளபள. ஒன்பது வருடம் ஆகியிருந்தது. தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தால் பலகை ஊறவைத்த ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. அது மரத்தூளையும் சீவல்களையும் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் பட்டால் ஊதும், ஊதியது வடியாது. ஒரு முறை கழன்ற திருகு அதே துளையில் மறுபடி பிடிக்காது. ஆசாரியிடம் காட்டினேன். உளியால் ஒரு குத்து. பொலபொலவென்று கொட்டியது. "இதுல நான் செய்யுறதுக்கு ஒண்ணும் இல்ல தாயி" என்றார்.

பழைய சாமான்காரரை வரச் சொன்னேன். பித்தளைக் குழாய்க்கும் ஸ்டீல் கைப்பிடிக்கும் விலை சொன்னார். பலகைகளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். "இதை யாரும் எடுக்க மாட்டாங்கக்கா. அள்ளிட்டுப் போகணும்னா நீங்கதான் காசு கொடுக்கணும்."

ஒரு வீட்டுச் சாமான் ஒன்பது வருடத்தில் காசு கொடுத்து வெளியேற்ற வேண்டிய பொருளாகிவிட்டது. எங்கள் ஆச்சியின் வீட்டு அரிசிப்பெட்டியை இன்றைக்கும் மாமா வீட்டில் மூன்று பேர் கேட்டுச் சண்டை போடுகிறார்கள். அதற்கு வயது எண்பதுக்கு மேல். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நினைத்ததுதான் என்னைக் காரைக்குடிக்குப் பஸ் ஏற்றியது.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒன்று இருக்கிறது. பழைய சாமான் வாங்கும் கிறுக்குப் பிடித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். வாசலில் எனாமல் தூக்குச்சட்டி, உள்ளே போனால் பீங்கான் ஜாடி, ரவிவர்மா அச்சுப் படங்கள், பெல்ஜியம் கண்ணாடி, மரப்பாச்சி. இன்னும் உள்ளே, வெயில் படாத பின்கட்டில்தான் பெரிய சாமான்கள். தேக்குத் தூண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். சுவரில் சாய்த்து வைத்த கதவுகள், புத்தகத்தைப் புரட்டுவது போல ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

அவ்வளவு மரமும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால்தான் அந்தத் தெரு புரியும். நகரத்தார் பர்மாவில் லேவாதேவி செய்தார்கள். ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயம் பெருமளவு அவர்கள் கொடுத்த கடனில் நடந்தது. அங்கே சம்பாதித்த பணமும் அங்கே விளைந்த தேக்கும் சேர்ந்தே செட்டிநாட்டுக்கு வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக வீடுகளைக் கட்டினார்கள். 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் வயல்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1942-இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தது. 1948-இல் பர்மா விடுதலை அடைந்ததும் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. வருமானம் நின்றது, வீடு மட்டும் மிஞ்சியது. அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து, ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். ஓடு ஒழுகினால் யார் மாற்றுவது? மழைக்காலம் நாலைந்து போனால் உத்திரம் இற்றுவிடும். பிறகு இடிப்பு ஒப்பந்தக்காரர் வருவார்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகளை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் ஏறியது நல்லதுதான். ஆனால் பட்டியல் ஓடு மாற்றாது.

கடைக்காரர் பாய்க்கு என் வயதுதான் இருக்கும். வீட்டை எப்படிப் பிரிப்பார்கள் என்று கேட்டேன். மேலிருந்து கீழே என்றார். முதலில் ஓடு. பிறகு ஓடு தாங்கிய சட்டங்கள். கதவு, ஜன்னல், தூண், போதிகை. உத்திரம். கடைசியாகக் கல்தூணும் படிக்கல்லும். செங்கல்கூட முழுசாக வருமாம், ஏனென்றால் அது சுண்ணாம்புக் கட்டு. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மெத்து, கரணையால் தட்டினால் சாந்து உதிர்ந்து கல் நிற்கும். சிமென்ட் கட்டில் இது நடக்காது. சிமென்ட் கல்லைவிடக் கெட்டி, பிரித்தால் கல்தான் உடையும். நாம் இன்று கட்டும் வீடுகளை நூறு வருடம் கழித்து யாராவது பிரித்தால் என்ன கிடைக்கும் என்று அந்த இடத்தில் நின்று யோசித்தேன். கம்பி கிடைக்கும். மற்றதெல்லாம் லாரி லாரியாகக் கண்மாய்க்குள் போகும். இப்போதே போகிறது, புறவழிச்சாலை ஓரம் பார்த்தால் தெரியும்.

"எல்லாத்தையும் எடுத்துருவீங்களா பாய்?" என்றேன்.

"பூச்சை மட்டும் எடுக்க முடியாதுக்கா."

செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் வழுவழுப்பு மறக்காது. சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்க வைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கோடையில் கன்னத்தை வைத்தால் குளிரும். அந்த வீடுகளிலேயே கைவேலை அதிகம் வாங்கியது அதுதான் என்று நினைக்கிறேன். இடித்தால் அது வெறும் வெள்ளைத் தூள். கதவை நான் வாங்கி வந்து மாட்டிவிட்டு "காப்பாற்றினேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பூச்சை யாரும் காப்பாற்றவில்லை.

இதைவிட மனசைக் குடைந்தது வேறொன்று. பேச்சோடு பேச்சாக, சாதாரணமாகச் சொன்னார் அவர். "ஒரு ரிசார்ட்டுக்காரங்க ஒரே ஜோடியா எட்டுத் தூண் கேட்டிருக்காங்க. கையில இல்ல. வீடு பாத்துட்டு இருக்கோம்."

வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இடிந்த வீட்டிலிருந்து தூண் வருவது ஒரு வரிசை. தூணுக்காக வீடு தேடுவது வேறு வரிசை. நான் பழையது வாங்குவதால் புது மரம் ஒன்று தப்பிக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது பெருமையாக நினைத்துக்கொண்டு வந்தவள். பாயைக் குறை சொல்லவும் முடியவில்லை, வாங்குகிறவள் நானும்தானே. அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த ஊர் வீடு, எப்போது பிரித்தது, ஏன் பிரித்தது என்று கேட்பேன். பதில் மழுப்பலாக இருந்தால் அந்தச் சாமான் வேண்டாம். இதனால் ஊர் திருந்திவிடும் என்று சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.

சாமானுக்காகக் கட்டடத்தைப் பிரிப்பது நம் காலத்து நோய் மட்டும் இல்லை. எங்கள் ஊரிலேயே சாட்சி நிற்கிறது. திருமலை நாயக்கர் கட்டிய மகாலை அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்து, மரச் சிற்பங்களையும் மற்றதையும் திருச்சியில் தன் அரண்மனைக்குக் கொண்டுபோனார். இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது மிஞ்சிய பகுதியைத்தான். தாத்தா வீட்டுத் தூணைப் பேரன் கழற்றுவது ராஜ வம்சத்திலேயே நடந்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996-இல் அதைத் திறந்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரத்து வீடுகளை வாங்கி, கழற்றி, கொண்டுவந்து, அந்தந்த ஊர்க் கைவினைஞர்களை வைத்தே திரும்பக் கட்டினார்கள். அங்கே செட்டிநாட்டு வீட்டின் தூண், தூண் நிற்க வேண்டிய இடத்தில் நின்று கூரையைத் தாங்குகிறது. போதிகைக்கு மேல் உத்திரம் இருக்கிறது. சாமான் அங்கே தன் வேலையைச் செய்கிறது.

எனக்கு இந்த 'வேலை செய்கிறது' என்பதுதான் கணக்கு. இப்போது எந்த ஓட்டலுக்குப் போனாலும் சுவரில் மாட்டுவண்டிச் சக்கரம். ஆட்டுக்கல்லில் குரோட்டன்ஸ். தையல் மெஷின் கால் மேல் கண்ணாடி. பழைய கதவைப் படுக்கப் போட்டு, மேலே கண்ணாடி வைத்துச் சாப்பாட்டு மேசை. அந்த மேசையில் நான் சாப்பிட்டிருக்கிறேன். கண்ணாடியின் ஓரம் வழியாக ரசம் இறங்கிச் சித்திரவேலைப் பூவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எறும்புக்குத் திருவிழா. கதவு எழுபது வருடம் திறந்து மூடியது. அதற்குத் தெரிந்த வேலை அது. அந்த வேலையைக் கொடுக்க என் வீட்டில் இடம் இருந்தால் வாங்குவேன், இல்லாவிட்டால் வேறு யார் வீட்டிலாவது இடம் இருக்கும். முழுதாகப் பயன்பட வழியில்லாத உடைந்த கதவு என்றால் பலகையாக அறுத்து எதுவும் செய்யலாம், அது வேறு.

சரி, மரத்தைப் பார்த்து வாங்குவது எப்படி. கடைக்காரர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் பர்மாத் தேக்கு என்பார்கள். பூவரசும் பர்மா, வேங்கையும் பர்மா, பலாவும் பர்மா. இரண்டாம் முறை போனபோது ஆசாரியையும் கூட்டிப்போனேன். அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன உளி. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, கதவின் கண்ணுக்குத் தெரியாத அடி ஓரத்தில் ஒரு சீவல் எடுத்தார். விரலில் நசுக்கி முகர்ந்தார். பிறகு என் மூக்கருகே நீட்டினார். பழைய தோல் மாதிரி ஒரு வாடை, விரலில் லேசான எண்ணெய்ப்பசை. "தேக்கு" என்றார். அடுத்த கதவில் வாசமே இல்லை. "இது வேற. நல்ல மரந்தான், ஆனா அந்த விலை இல்ல."

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கணீரென்றால் சரி, பொத்தென்றால் உள்ளே கறையான் குடியிருந்திருக்கிறது. குண்டூசித் துளைகளைச் சுற்றி மைதா மாவு போல் தூள் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது. அந்த மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வீட்டில் இருக்கும் மரத்துக்கும் பரவும். நிலைக்காலின் அடிப்பாகத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அங்கேதான் வாசல் தெளிக்கும் தண்ணீர் தினமும் பட்டிருக்கும். என் நிலையிலும் இடது கால் அடியில் நாலு அங்குலம் இற்றிருந்தது. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தோம்.

போலிகளும் உண்டு. புது மரத்தில் செய்து, அமிலம் தடவி, சங்கிலியால் அடித்துப் பழசாக்குவார்கள். ஆசாரி சொன்ன அடையாளம் எனக்குப் பிடித்திருந்தது: உண்மையான தேய்மானம் ஒரே சீராக இருக்காது. தாழ்ப்பாளைப் பிடிக்கும் இடம் குழிந்திருக்கும். படியில் எல்லாரும் மிதிக்கும் நடுப்பகுதி பள்ளமாகி, ஓரம் கூர்மையாகவே இருக்கும். போலியில் எல்லாப் பக்கமும் சமமாக அடிபட்டிருக்கும். "வீட்டு ஆளுக எல்லா எடத்துலயுமா மிதிப்பாக?"

என் கதவுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் குடுமி. நிலையில் குழி. குடுமி குழிக்குள் சுழலும். திறக்கும்போது ஒரு முனகல் வரும். என் மகளுக்கு அந்தச் சத்தம் பயம், இப்போது பழகிவிட்டாள்.

பெயிண்ட் சமாச்சாரத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. கதவின் மேல் நாலு அடுக்குப் பெயிண்ட் இருந்தது. பச்சை, அதற்குக் கீழே காவி, அதற்குக் கீழே நீலம், கடைசியில் மறுபடி ஒரு பச்சை. பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தப் பெயிண்டை மெஷின் போட்டு உரசினால் தூள் வீடெங்கும் பறக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தாக்கும். நான் இதைப் படித்தது ஆசாரி பாதிக் கதவை உரசிய பிறகு. ஓடிப்போய் நிறுத்தினேன். மீதியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டினோம். முகமூடி வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு துண்டை மூக்கில் கட்டினார். "துண்டு போதாது மாமா, நிசமாத்தான் சொல்றேன்" என்று மூன்று தடவை கெஞ்சிய பிறகு முகமூடி மேலே ஏறியது. சுரண்டிய கசடைப் பையில் கட்டி வைத்தோம். மகளை ஒரு வாரம் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன்.

பெயிண்ட் போனதும் உள்ளே இருந்தது தேன் நிறம். லின்சீடு எண்ணெய் இரண்டு கை. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சுருண்ட துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

வாங்கக் கூடாதவை என்றும் சில உண்டு. ரயில்வே ஸ்லீப்பர் கட்டைக்கு இப்போது ஏக மவுசு, பெஞ்சு செய்கிறார்கள், அலமாரித் தட்டு செய்கிறார்கள். பூச்சி அரிக்காமலிருக்க கிரியோசோட் ஊட்டப்பட்ட கட்டை என்றால் அதன் இடம் வீட்டுக்கு வெளியேதான், வெயிலில் இன்னும் தார் வாடை வரும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அலங்காரத்துக்கு என்று உடைக்கவே கூடாது. பழைய மர சுவிட்ச் பலகை அழகுதான், உள்ளே இருக்கும் ஒயரை நம்பாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல்லில் ஏமாந்த கதை ஒன்றும் இருக்கிறது. பழைய வீட்டிலிருந்து பெயர்த்தது என்று அறுபது கல் வாங்கினேன். வந்து சேர்ந்து பிரித்தால் பதினேழு உடைசல். தப்பு என்னுடையது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடிப் பலகை மேல் தகட்டு அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, பின்னால் மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியில் படிந்த முகம் என்பதால்தான் அந்த மினுமினுப்பு. தரையில் சாந்தோடு சாந்தாக ஒட்டியதைப் பெயர்த்தால் முழுசாக வருவது அதிர்ஷ்டம். அதே ஊரில் அதே கையால் இன்றும் புதுக் கல் செய்கிறார்கள் என்னும்போது பழையதைப் பெயர்ப்பதில் எனக்கு இப்போது நியாயம் தெரியவில்லை. கையிலிருந்த நாற்பத்து மூன்றில் நாற்பதை எடுத்து, ஹால் நடுவில் எட்டுக்கு ஐந்து என்று பாய் விரித்தது போலப் பதித்தோம். சுற்றிலும் கடப்பா. வாரம் ஒரு முறை தேங்காய் எண்ணெய் ஒரு துளி தொட்டுத் துடைத்தால் போதும். மிதிக்க மிதிக்க மினுங்குகிறது.

சமையலறைக்குத்தான் எல்லாவற்றிலும் நல்ல தீர்வு கிடைத்தது. மதுரையிலேயே ஒரு பழைய மரக்கடையில், சரிவான சட்டங்கள் செருகிய ஜன்னல் கதவுகள் நாலு ஜோடி கிடைத்தன. காற்று போகும், மழை வராது, அந்தக் காலத்து ஜன்னல். அவைதான் இப்போது தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவுகள். ஈரம் தங்குவதில்லை. கரப்பான் குறைந்திருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். உள்ளே தட்டு மட்டும் கடப்பாக்கல்.

அம்மாவின் பேச்சு வந்துவிட்டது, அவளுடைய எதிர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். "இடிஞ்ச வீட்டு நிலையை வாழுற வீட்டுல வைக்கலாமாடி? யாரு எந்த மனக்கஷ்டத்துல வித்துட்டுப் போனாகளோ" என்றாள். ஜோசியமும் வாஸ்துவும் எனக்கு ஏறாது. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. யாருடையதோ கல்யாணத்தில் அந்த நிலைக்கு மாவிலை கட்டியிருப்பார்கள். பங்காளிகள் கையெழுத்துப் போட்ட அன்று யாராவது ஒருத்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள். கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. வாசலுக்கு வேண்டாம், உள்ளே வைத்துக்கொள்ளலாம். ஹாலுக்கும் படிப்பறைக்கும் நடுவில். வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைப்பது அவள் பொறுப்பு.

உள்ளே வைப்பது என்றால் எப்படி? அங்கே ஏற்கெனவே இருந்த திறப்பு மூன்றடி அகலம். நிலை நாலடி. சுவர் கனம் நாலரை அங்குலம். நிலை எட்டு அங்குலம். பழைய சாமானின் குணம் இது, அது நம் அளவுக்கு வராது, நாம்தான் அதன் அளவுக்குப் போக வேண்டும். எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டி, அது பாரம் தாங்காத தடுப்புச் சுவர்தான் என்று உறுதி செய்துகொண்டு இடித்தோம். மிஞ்சும் மூன்றரை அங்குலத்தை மறைக்காமல் படிப்பறைப் பக்கம் துருத்த விட்டோம், அதை ஒட்டிப் புத்தகத் தட்டு. நடக்கும் உயரம் ஐந்தரை அடிதான். குனிந்து போனால் பணிவு வரும் என்பார்கள். என் கணவருக்கு நெற்றியில் இரண்டு முறை வீக்கம்தான் வந்தது.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கரைப் பற்றியும் இந்தச் சமயத்தில் நிறைய யோசித்தேன். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-இல் அங்கேயே இறந்தவர். வேண்டாமென்று போட்ட பாட்டில்களைச் சுவரில் பதித்து வெளிச்சத்தை நிறம் பிரித்துக் காட்டியவர், பழைய கதவு ஜன்னலைத் தயங்காமல் பயன்படுத்தியவர். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். என் நிலை காரைக்குடியிலிருந்து சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் டீசல் வண்டியில் வந்தது. அந்த மரமோ அதற்கு முன் கடல் தாண்டி வந்தது. ஐந்து மைலுக்குள் நான் தேடவே இல்லை என்பது ஜன்னல் கதவுகள் மதுரையிலேயே கிடைத்தபோதுதான் உறைத்தது. இனி தேடுவதாக இருந்தால் என் தெருவில் எந்த வீட்டை இடிக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். ஒப்பந்தக்காரர் லாரி ஏற்றும் முன் போய் நின்றால் விலையும் குறைவு, எந்த வீடு என்ற கேள்விக்கும் விடை எதிரிலேயே இருக்கும்.

நிலை மாட்டிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். இற்றிருந்த இடது காலை ஒட்டுப் போட வேண்டும் என்று ஆசாரி நிலையை முழுக்கப் பிரித்தார். கொட்டாப்புளியால் மர ஆணிகளின் பின்பக்கம் தட்டத் தட்ட, அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உண்மையிலேயே நாலு துண்டு. லிஃப்ட் ஞாபகம் மறுபடி வந்தது. காலின் முனையில் நீட்டிக்கொண்டிருந்த கழுந்தைத் திருப்பியவர், "இங்க பாரு தாயி" என்றார்.

கழுந்தின் பக்கவாட்டில் உளியால் கீறிய ஒரு குறி. ௨. மேல்கட்டையில் அது போய் உட்காரும் துளை ஓரத்திலும் அதே ௨. மற்ற மூலைகளிலும் பார்த்தோம். ௧, ௩, ௪. எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று செய்தவர் வைத்த அடையாளம். சேர்த்து ஆணி அடித்த அன்றைக்கு உள்ளே போனது, அன்று என் வீட்டு ஹாலில் வெளியே வந்தது. மகள் ஓடிவந்து விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு அது எண் என்றே தெரியவில்லை. "உ போட்டிருக்கு, பிள்ளையார் சுழியா?" என்றாள்.

அடியில் புதுத் தேக்குத் துண்டைக் கோத்து, நாலையும் அதனதன் எண்ணுக்குச் சேர்த்து, பழைய ஆணியையே திரும்ப அடித்தார். சுவரில் நிறுத்தியபோது கொத்தனார் சிமென்டைக் குழைத்துக்கொண்டு வந்தார். ஆசாரி வேண்டாமென்று கையைக் காட்டினார். இடைவெளியில் மரச் சக்கை செருகி, பக்கத்துக்கு மூன்று இடத்தில் இரும்புப் பட்டையும் திருகும். விளிம்பில் மட்டும் மெல்லிசாகச் சுண்ணாம்புப் பூச்சு.

"கெட்டியா நிக்குமா மாமா?"

"நிக்கும். அடுத்தவன் கழட்டணும்ல."

சக்கை செருகும் முன்னால் காதில் இருந்த பென்சிலை எடுத்து, சுவருக்குள் மறையப்போகிற பக்கத்தில் குனிந்து ஏதோ எழுதினார். அவர் பக்கம் போய் எட்டிப் பார்ப்பதற்குள் கொத்தனார் நிலையைத் தள்ளிச் சுவரோடு சேர்த்துவிட்டார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். திருகை வாயில் கடித்துக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை.